எட்டடி அலமாரி மாடிக்குப் போன கதை

வணக்கம். எனக்குப் பின்னால் ஒன்று மல்லாந்து கிடக்கிறது பாருங்கள், இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. துணி அலமாரி. உயரம் 8 அடி, அகலம் 4, ஆழம் 2. ஏற்கெனவே வீடு முழுக்கத் தூசி, அதோடு மரத்தூளும் பறக்க வேண்டாம் என்று ஆசாரியின் பட்டறையிலேயே செய்யச் சொன்னேன். "ஒரே துண்டாகவா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். அதனால் அவர் மேல் பழி போட வழியில்லை.

இதுதான் படிக்கட்டு. 3 அடி அகலம், பாதியில் திரும்புகிறது. முதல் நாளே 8 அடி பிவிசி குழாய் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன், அழகாகத் திரும்பியது. சரி, அலமாரியும் போய்விடும் என்று முடிவு கட்டிவிட்டேன். குழாய்க்கு ஏது ஆழம்? அலமாரியின் மேல்முனை சுவரில் இடித்தபோது கீழ்முனை கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. இதோ இந்தக் கீறல் அப்போது விழுந்ததுதான். பட்டி பார்த்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஏற்றியதைவிட, அதைத் திரும்பக் கீழே இறக்கியதுதான் பெரும்பாடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வளைவில் திரும்பக்கூடிய மிகப் பெரிய சோபா எது என்று 1966ல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1992ல் அதற்கு ஒரு வடிவம் கண்டுபிடித்தார்கள். அதைவிடப் பெரியது முடியாது என்று ஒருவர் நிரூபணம் வெளியிட்டதே 2024ல்தான். அதுவும் சமதரைக்கு. படிக்கட்டு கணக்கிலேயே இல்லை!

அப்புறம் பால்கனி வழியாக ஏற்றினோம். 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு முழுத் தாளே 30 கிலோவுக்கு மேல் வரும், இதில் பல தாள் போயிருக்கிறது. அதனால் கதவுகளைக் கழற்றி, இழுப்பறைகளை உருவி, கூட்டை மட்டும் தனியாக்கினோம். வெளிப்பூச்சுக்குக் கட்டிய சாரத்தை நல்லவேளை இன்னும் பிரிக்கவில்லை. அதன் மேல் இரண்டு நீளக் கட்டைகளைச் சாய்த்து வைத்து, பழைய போர்வை சுற்றிய கூட்டை அதில் சறுக்கியபடி மேலே இழுத்தோம். கயிற்றைக் கைப்பிடிச் சுவரில் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது வெறும் செங்கல் சுவர், வெளிப்பக்கம் இழுத்தால் பெயர்ந்து வந்துவிடும். கான்கிரீட் தூணில் இரண்டு சுற்று சுற்றினோம். அந்த உராய்வே பாதி எடையைத் தாங்குகிற மாதிரி இருந்தது, ஒரே ஆள் நுனியைப் பிடித்து நிறுத்த முடிந்தது. இழுத்து முடிக்கும்வரை அடியில் யாரையும் நிற்க விடவில்லை. பால்கனிக் கதவின் அகலம் 3 அடி. கூட்டைப் பக்கவாட்டில் திருப்பியதும் 2 அடி ஆழம்தான் குறுக்கே வந்தது, சுலபமாக நுழைந்துவிட்டது.

எல்லோரும் கைதட்டிவிட்டு, சரி, நிமிர்த்தலாம் என்று பிடித்தோம். நிமிரவில்லை.

இந்த அறையின் ஃபால்ஸ் சீலிங் 8 அடி 2 அங்குலம். அலமாரி 8 அடி. இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். ஆனால் படுத்திருப்பதை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் அல்லவா மேலே போகிறது? 96 அங்குலம், 24 அங்குலம், இரண்டையும் வர்க்கம் போட்டுக் கூட்டி மூலம் எடுத்தால் கிட்டத்தட்ட 99. அதாவது 8 அடி 3 அங்குலம். ஒரே ஒரு அங்குலம் இடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் என் படுக்கையறையில் வந்து நிற்பார் என்று யார் கண்டது. சீலிங் போடுவதற்கு முன்பே அலமாரியை ஏற்றியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. வேலையை வரிசை மாற்றிச் செய்தது நான்தான்.

சீலிங்கை அறுக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆசாரியிடம் போனில் சொன்னேன். சிரித்துவிட்டு, "அடிப்பீடத்தைக் கழற்றுங்க சார், நாலு அங்குலம்" என்றார். கிட்டே காட்டுகிறேன். இந்த அடிச்சட்டம் தனியாகத்தான் செய்திருக்கிறார், உள்ளேயிருந்து ஆறு திருகாணிகள். இவன் மாட்டிக்கொள்வான் என்று அப்போதே தெரிந்திருக்கும் போல. அதை எடுத்துவிட்டால் உயரம் 92, மூலைவிட்டம் 95 சொச்சம். சீலிங் 98. தாராளம்.

ஐந்து திருகாணிகள் வந்துவிட்டன. ஆறாவதன் தலை தேய்ந்திருக்கிறது. கேமராவை இங்கே வைத்துவிட்டு, குறடு எடுத்துக்கொண்டு வருகிறேன்.