உலகம் பிறந்தது இந்தச் சின்ன உடுக்கில்தான்! வெண்கல நடராஜர் உருவாகும் விதம்

வணக்கம் மக்களே! நடராஜர் சிலையைப் பார்த்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் தூக்கிய திருவடிக்குத்தான் போகும். இன்றைக்கு அதை விட்டுவிட்டு, பின்பக்கத்து வலது கையைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவில் ஓர் உடுக்கு இருக்கிறதே, சைவ சித்தாந்தத்தின்படி படைப்பு மொத்தமும் அங்கேதான் தொடங்குகிறது. உடுக்கின் ஓசையில் உலகம் தோன்றுகிறது, அபயம் காட்டும் கை அதைக் காக்கிறது, இடது கைத் தீ அதை ஒடுக்குகிறது.

ஓசையில் எல்லாம் தொடங்கியது என்றால் இலங்கையின் மலையகத்துக்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, ஆள் கூப்பிட விடியுமுன்னே தப்புப் பறை அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அடுப்பு எரியும், ஆட்கள் எழும்புவார்கள். மாசியில் காமன் கூத்து வந்தால், எரிந்துபோன காமன் மறுபடி எழும்புவதும் தப்போசைக்கு நடுவில்தான். இந்தப் படைப்புக் கதை நம்மவர்கள் காதால் அறிந்த கதை என்பேன்.

வரலாறு ஒரே வரியில்: 1907, 1908இல் பொலன்னறுவையில் கிடைத்த சைவ வெண்கலச் சிலைகளில் நடராஜரும் உண்டு, கொழும்பு தேசிய நூதனசாலையில் போய்ப் பார்க்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். சிலை முதலில் மெழுகில் பிறக்கிறது. அந்த மெழுகு உருவத்தை மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது இருந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். தேன் மெழுகு மட்டும் என்றால் சூட்டுக்கு இளகிவிடும். அதனால் குங்கிலியப் பிசினும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். சூடான இரும்புக் கரண்டியால் இழைத்து, விரல், நகம், சடை எல்லாம் மெழுகிலேயே முடித்துவிடுவார்கள்.

உடுக்கு இருப்பதோ கையின் நுனியில். உருகிய உலோகம் அவ்வளவு தூரம் ஓட வேண்டும், மெல்லிய இடமோ சட்டென்று இறுகிவிடும். ஆகவே அந்தப் பக்கமாக மெழுகால் ஒரு தண்டு உருட்டி ஒட்டுவார்கள், உலோகம் போக அதுதான் வாய்க்கால். உள்ளே இருக்கும் காற்று வெளியேற இன்னொரு தண்டு. செம்பு தனியாக உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் கலந்து வெண்கலமாக்கினால் அதற்குக் குறைந்த சூட்டிலேயே உருகும், நன்றாகவும் ஓடும். சின்ன உடுக்கு முழுதாக நிரம்புவதற்கு இந்தக் கலவையும் ஒரு காரணம்.

எவ்வளவு உலோகம் வேண்டும்? மெழுகை நிறுத்துப் பார்த்தால் போதும்! 1 கிலோ மெழுகுக்குச் சுமார் 9 கிலோ வெண்கலம்.

அப்புறம் மண். முதல் பூச்சு மாவு மாதிரி நைசான வண்டல் மண். மெழுகில் பெருவிரல் ரேகை பதிந்திருந்தால் அதைக்கூட இந்த மண் பிடித்துக்கொள்ளும், கடைசியில் வெண்கலத்திலும் அது தெரியும். அதன்மேல் மணல் கலந்த களிமண், பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பிக் கட்டு. நிழலில் காய வேண்டும்.

இங்கேதான் நம்ம ஊர் மழை குறுக்கே வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், வட்டவளைப் பக்கம் துவைத்த சட்டையே காயாது, மண் அச்சு எங்கே காயப்போகிறது? அச்சில் ஈரம் மிச்சம் இருந்தால் என்ன நடக்கும் தெரியுமா? தண்ணீர் நீராவியானால் சுமார் 1700 மடங்கு விரியும். ஆயிரம் பாகையை ஒட்டிய வெண்கலம் ஈரத்தில் பட்டதும் ஆவி வெளியேற வழியில்லாமல் அச்சு வெடிக்கும், உலோகம் ஆள் மேல் தெறிக்கும். உயிர் போகிற விஷயம் இது! ஆகவே மலைநாட்டில் இந்த வேலைக்கு ஜனவரி, பெப்ரவரிதான் சரி.

காய்ந்த அச்சை நெருப்பில் சுட்டதும் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். சூடு ஆறுமுன் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். அதே அச்சில் இரண்டாவது சிலை கிடையாது. பிறகு தண்டுகளை அறுத்து, அரத்தால் ராவி, உளியால் செதுக்கி, கடைசியில் கண் திறப்பார்கள்.

எனக்கு ஒரு நீண்ட நாள் ஆசை. தோட்டத்துக் கோயில்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிலை எடுப்பதைப் பார்க்கிறோம். கண்டிப் பக்கம் பிலிமத்தலாவையில் பித்தளைப் பட்டறைகள் இருக்கின்றன. பக்கத்திலேயே கடலாதெனிய விகாரை, 1344இல் அதைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. கைமாறிக் கைமாறி வந்த தொழில் இது, ஒரு நடராஜரை இங்கேயே வார்க்க முடியாதா என்ன?

வார்ப்புப் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் கட்டாயம் கீழே எழுதுங்கள். உலோகம் ஊற்றும் நாளில் கெமராவோடு வந்து நிற்கிறேன்!