நாளைக்குக் கிடைக்குமா?

அவையோருக்கு வணக்கம்.

2005 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. சென்னை எம்.ஜி.ஆர். நகரில் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் வாசலில், பொழுது விடிவதற்குள் 42 பேர் செத்துப்போனார்கள். மழை வெள்ளத்திலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் அவர்கள். வெள்ள நிவாரண டோக்கன் வாங்க வந்த இடத்தில் உயிரை விட்டார்கள். இந்த ஊரில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "இலவசம் என்றால் நம் ஜனங்கள் அப்படித்தான், முண்டியடிப்பார்கள்." அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

அன்றைக்கு அரசு அறிவித்திருந்த தொகை குடும்பத்துக்கு 2000 ரூபாய். கூடவே அரிசி, துணிமணி. 2000 ரூபாய்க்கா உயிரைக் கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் வைத்த கூலி நாளுக்கு 80 ரூபாய். அந்தக் கூலிக்கு 2000 ரூபாய் என்பது 25 நாள் உழைப்பு. மழையில் கட்டட வேலை நின்றுபோன வீடு, பாயும் பாத்திரமும் ஈரத்தில் கிடக்கிற வீடு, வாடகை பாக்கி, கடைக்காரரிடம் கடன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது இலவசமா? ரேஷன் கார்டு நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, குளிரில் ராத்திரியெல்லாம் நிற்பவளைப் பேராசைக்காரி என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

அன்றைக்கு இருட்டிலேயே ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்துவிட்டது. டோக்கன் இன்றோடு கடைசி என்று ஒரு பேச்சு பரவியிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. பள்ளிக்கூட வாசல் வழியாக எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே போகப் பார்த்தார்கள். முன்னால் இருந்தவர்கள் விழுந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நெரிசலில் சாகிறவர்கள் எல்லோரும் மிதிபட்டுச் சாவதில்லை. பலர் மூச்சுமுட்டித்தான் சாகிறார்கள், சிலர் நின்ற நிலையிலேயே. ஒரு சதுர மீட்டரில் ஆறு, ஏழு பேர் நெருக்கி நின்றுவிட்டால் யாருக்கும் கால் தன் வசத்தில் இருக்காது. கூட்டம் போகிற பக்கம் உடம்பு போகும். கையைத் தூக்க முடியாது. மார்பும் முதுகும் நசுங்கும்போது உள்ளே காற்று இழுக்க விலா எலும்பு விரிய வேண்டுமே, அதற்கு இடமிருக்காது. கத்தவும் மூச்சு வேண்டும். அதனால் முன்வரிசையில் சாவு நடக்கும்போது, பத்தடி பின்னால் நிற்பவர் "ஏன் நகரவே மாட்டேன் என்கிறார்கள்" என்று நினைத்து இன்னும் ஓர் அடி எடுத்து வைப்பார். அவரும் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும்தான்.

எம்.ஜி.ஆர். நகருக்கு ஆறு வாரம் முன்பு, நவம்பர் 6 அன்று, இதே சென்னையில் வியாசர்பாடியில் இதே வெள்ள நிவாரணத்துக்கு நின்ற கூட்டத்தில் 6 பேர் இறந்திருந்தார்கள். முதல் முறை எதிர்பாராதது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவதை என்னால் விபத்து என்று சொல்ல முடியவில்லை.

இது நம் ஊர் ஜனங்களின் குணம் என்று நினைப்பவர்களுக்காக ரஷ்யாவையும் சொல்கிறேன். 1896-இல் இரண்டாம் நிக்கோலஸ் முடிசூடியதைக் கொண்டாட, மாஸ்கோவின் கோடின்கா மைதானத்தில் மக்களுக்கு ரொட்டி, இறைச்சி, ஒரு எனாமல் குவளை கொடுப்பதாகச் சொன்னார்கள். அங்கேயும் ராத்திரியே கூட்டம். அங்கேயும் எல்லோருக்கும் போதாது என்ற வதந்தி. அரசுக் கணக்கிலேயே ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் சாவு. 2023 ஏப்ரலில் ஏமன் தலைநகர் சனாவில் ரம்ஜான் உதவிப் பணம் வாங்கப் போன இடத்தில் ஏறத்தாழ 80 பேர் போனார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் நம் வாணியம்பாடியில் தைப்பூசத்துக்கு வேட்டி சேலை டோக்கன் கொடுத்த இடத்தில் 4 பெண்கள். மொழி வேறு, மதம் வேறு, காலம் வேறு. எம்.ஜி.ஆர். நகரிலும் கோடின்காவிலும் கூட்டத்தைப் பின்னாலிருந்து தள்ளியது ஒரே பயம்தான்: இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கிடைக்குமா?

அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் கூட்டம் தானாகக் கலைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6000 ரூபாய் கொடுத்தார்கள். எத்தனை லட்சம் குடும்பங்கள்! ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாகப் போய் டோக்கன் கொடுத்தார்கள். எந்தத் தேதி, எந்த நேரம் வர வேண்டும் என்று அதிலேயே இருந்தது. பொங்கல் பரிசும் இப்போது அப்படித்தான் வருகிறது. நேரம் போட்ட ஒரு துண்டுக் காகிதம் கையில் இருந்தால் எந்தப் பெண்ணும் நடுராத்திரியில் வாசலில் வந்து நிற்க மாட்டாள். போலீசை வைத்துத் தடியால் ஒழுங்குபடுத்துவதை விட அது மலிவு. மரியாதையும் கூட.

ஆனால் அந்தக் காகிதம் யார் வீட்டுக்கு வரும்? கார்டு இருக்கிறவர் வீட்டுக்கு. வெளியூரிலிருந்து வந்து கட்டட வேலை இடத்திலேயே தகரக் கொட்டகையில் படுக்கிறவர்கள், நடைபாதையில் குடித்தனம் நடத்துகிறவர்கள், வாடகை வீடு மாறி மாறி முகவரி நிலைக்காதவர்கள், இவர்களுக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? அடுத்த வெள்ளத்திலும் வாசலில் வந்து நிற்கப்போவது இவர்கள்தான். வெள்ளம் வடிந்த பிறகு மனு எழுதி வாங்குவது போதாது. ஒவ்வொரு வார்டிலும் கார்டு இல்லாதவர்களைத் தேடிப் போய்ப் பெயர் எழுதும் வேலையை, ஐப்பசி மழை பிறப்பதற்குள் மாநகராட்சி முடிக்க வேண்டும். இங்கே வந்திருக்கிற வார்டு உறுப்பினர்களிடம் நான் நேரடியாகவே கேட்கிறேன்: உங்கள் வார்டில் அந்தப் பட்டியல் இருக்கிறதா?