அபாயக் குரல் யார் காதில் விழும்?

வணக்கம் நேயர்களே. உங்கள் கைப்பேசிக்கும் இப்படி ஒரு செய்தி வந்திருக்கலாம்: வீட்டில் யாராவது மிரட்டிக்கொண்டிருந்தால், வாய்விட்டு உதவி கேட்க முடியாத நிலை என்றால், அவசர எண்ணை அழைத்து பீட்சா வேண்டும் என்று சொல்லுங்கள், போலீஸ் புரிந்துகொண்டு ஓடிவரும். நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள். இது முழுப் பொய்யும் இல்லை. 2019-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பெண் 911-ஐ அழைத்து பீட்சா கேட்டார், எடுத்தவர் முதலில் தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டீர்கள் என்றார், அந்தப் பெண் விடாமல் இல்லை இல்லை உங்களுக்குப் புரியவில்லை என்று சொல்ல, அப்போதுதான் அவருக்குச் சட்டென்று உறைத்தது. ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்விகள் கேட்டு, போலீஸ்காரர்களை சைரனை அணைத்துவிட்டுப் போகச் சொன்னார். அம்மாவை ஒருவன் தாக்குகிறான் என்பதைத்தான் அந்தப் பெண் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

சரி, அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியது எது? பீட்சா என்ற சொல் இல்லை. பீட்சா என்றால் ஆபத்து என்று அங்கே எந்த விதியும் கிடையாது. எடுத்தவரின் காதுதான் காப்பாற்றியது. அதே அழைப்பு அன்று களைத்துப்போயிருந்த இன்னொருவர் கைக்குப் போயிருந்தால் இணைப்பைத் துண்டித்திருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. எந்தச் சைகையாக இருந்தாலும், எந்த ரகசியச் சொல்லாக இருந்தாலும், அதில் பாதிதான் கூப்பிடுபவர் கையில் இருக்கிறது. மறுபாதி கேட்பவரிடம். நாம் எல்லாரும் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மறுபாதியை விட்டுவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

நான் கப்பல்களில் வானொலி அதிகாரியாக வேலை பார்த்தவன், பழைய மாலுமிகள் எங்களை மார்க்கோனி என்றுதான் கூப்பிடுவார்கள். கடல் இந்தப் பாடத்தை உயிர்களை விலையாகக் கொடுத்துத்தான் படித்தது. எஸ்.ஓ.எஸ். எல்லாருக்கும் தெரியும், மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி, நடுவில் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் தட்ட வேண்டும். 1906-இல் பெர்லினில் நாடுகள் கூடி ஒப்புக்கொண்டார்கள், 1908 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து டைட்டானிக் மூழ்கியபோது சைகை தெரியாத குறை யாருக்கும் இல்லை. பழைய சி.கியூ.டி.யையும் தட்டினார்கள், புதிய எஸ்.ஓ.எஸ்.ஸையும் தட்டினார்கள். ஆனால் பக்கத்தில் பனிக்கட்டிக்கு நடுவே நின்றுகொண்டிருந்த கலிஃபோர்னியன் கப்பலில் இருந்ததே ஒரே ஒரு வானொலிக்காரர். அவர் சற்று முன்புதான் டைட்டானிக்கைக் கூப்பிட்டு இங்கே பனி சூழ்ந்திருக்கிறது என்று சொல்லப்போய், நான் வேலையாக இருக்கிறேன், குறுக்கே பேசாதே என்று திட்டு வாங்கியிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார், பகல் முழுக்க உட்கார்ந்திருந்த மனிதர், அவருக்கு மாற்று ஆளும் கிடையாது. சில நிமிடங்களில் டைட்டானிக் மோதியது. வானத்தில் வெள்ளை ராக்கெட்டுகள் வெடித்ததை அந்தக் கப்பலின் தளத்தில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள், கேப்டனிடமும் சொன்னார்கள், ஆனாலும் அந்த வானொலிக்காரரை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

காப்பாற்ற வந்தது கார்ப்பேத்தியா. அது சுமார் 58 கடல் மைல் தள்ளி இருந்தது. அதன் வானொலிக்காரரும் படுக்கத்தான் தயாராகிக்கொண்டிருந்தார், வேறொரு கப்பலின் பதிலுக்காகக் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை இன்னும் கழற்றாமல் இருந்தது வெறும் தற்செயல். அந்தத் தற்செயலால்தான் எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

இதற்குப் பிறகுதான் கேட்பதையும் சட்டமாக்கினார்கள். பெரிய பயணிகள் கப்பல்களில் இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் ஒரு அருமையான ஏற்பாடு வந்தது, அமைதி நேரம். எங்கள் வானொலி அறைக் கடிகாரத்தின் முகத்தில் பதினைந்தாம் நிமிடத்திலிருந்து பதினெட்டு வரையும், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரையும் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். முள் அந்தப் பட்டைக்குள் நுழைந்துவிட்டால், அபாயச் சைகைகள் வரும் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் உலகத்தில் ஒரு கப்பலும் சாதாரணச் செய்தி அனுப்பக்கூடாது, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எங்கோ ஒரு பலவீனமான குரல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த மூன்று நிமிடத்திலாவது கேட்கட்டும் என்று. ஒரே ஆள் வேலை பார்க்கிற கப்பல்களுக்குத் தானியங்கி மணி ஒன்றும் வந்தது: நான்கு விநாடி நீளக் கோடுகள் பன்னிரண்டு, இடையில் ஒவ்வொரு விநாடி இடைவெளி, இது காற்றில் வந்தால் தூங்குகிறவன் தலைமாட்டில் மணி அடிக்கும். இந்த உலகமெல்லாம் 1999 பிப்ரவரியோடு முடிந்தது. இப்போது செயற்கைக்கோளும் சிவப்புப் பொத்தானும்தான். பொத்தானைத் தவறுதலாக அழுத்துகிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள், அது தனிக்கதை.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசும்போது எம்டனை விட்டுவிட முடியாது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல், அக்டோபர் 28 விடிவதற்கு முன் நம் துறைமுகத்துக்குள் நுழைந்தது, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிய வேண்டும் என்று போலியாக ஒரு புகைப்போக்கியைக் கட்டிக்கொண்டு. உள்ளே நங்கூரம் போட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஷெம்சுகை மூழ்கடித்துவிட்டு வெளியேறியது, போகிற வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. இதெல்லாம் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது எப்படி மாட்டிக்கொண்டது என்பதைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை. பினாங்கிலிருந்து போன பன்னிரண்டாம் நாள், நவம்பர் 9, கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. கரையில் இருந்த தந்திக்காரர்கள் அந்தப் புகைப்போக்கி போலி என்று கண்டுகொண்டார்கள். எம்டன் தன் வானொலியால் இரைச்சலைக் கிளப்பி மறைக்கப் பார்த்தபோதும், எஸ்.ஓ.எஸ்., எம்டன் இங்கே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். கரையேறி வந்த ஜெர்மானியர்கள் கம்பத்தை வெடிவைத்துச் சாய்க்கும்போது, எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் சாய்க்க முடியுமா என்று இவர்கள் கேட்க, அவர்களும் அப்படியே செய்ததாக ஒரு கதை உண்டு. அதற்குள் சைகை போய்ச் சேர்ந்துவிட்டது. சுமார் 50 மைல் தள்ளி ஒரு படைக்கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியை அனுப்பினார்கள், அன்றைக்கே எம்டன் கதை முடிந்தது. அத்தனை துறைமுகங்களுக்கும் தண்ணி காட்டிய கப்பல் அது. கடைசியில் அதை முடித்துவைத்தது தந்தி அனுப்பிய ஒரு விரல், அதை அந்நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காது.

பேச்சு வழியாகக் கூப்பிடுவதற்கு மேடே. 1920களில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்து வானொலி அதிகாரி ஒருவர் முன்வைத்தது. எஸ்.ஓ.எஸ். இருக்கும்போது ஏன் இன்னொன்று? அன்றைய தொலைபேசி இரைச்சலில் எஸ் என்ற எழுத்து சரியாகக் காதில் விழாது. பாருங்கள், அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததே கேட்பவரை மனதில் வைத்துத்தான். மூன்று முறை சொல்வதும் அதற்காகத்தான், முதல் தடவை யாரோ ஏதோ பேசுகிறார் என்று இருப்பவர், மூன்றாவது தடவை நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். உயிராபத்து இல்லை, ஆனால் அவசரம் என்றால் மேடே சொல்லக்கூடாது, பான்-பான் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். எஞ்சின் நின்றுபோய் அலையில் மிதந்துகொண்டிருக்கிறேன் என்றால் பான்-பான், தண்ணீர் உள்ளே வருகிறது என்றால் மேடே. தெலுக் பஹாங், பத்து மாவுங் பக்கமிருந்து சின்னப் படகில் மீன் பிடிக்கப் போகிற நம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். கைப்பேசி இருக்கிறதே என்று போகாதீர்கள். கைப்பேசி ஒருவர் காதுக்கு மட்டும்தான் போகும். படகு ரேடியோவில் அவசர அழைப்புக்கான அலைவரிசை 16-இல் கூப்பிட்டால் சுற்றுவட்டாரத்தில் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கிற அத்தனை படகுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும், உங்களை முதலில் வந்து தூக்குவது பெரும்பாலும் பக்கத்துப் படகுக்காரர்தான்.

கொடிமலைக்கு ஏறுகிறவர்களுக்கும் இதே கதைதான். வழி தவறிவிட்டால் கத்திக் கத்தித் தொண்டை போய்விடும், ஒரு விசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் முறைப்படி ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. இரவில் டார்ச் விளக்கும் அப்படியே. அந்த ஒரு நிமிட நிறுத்தத்தைத்தான் பயத்தில் விட்டுவிடுவார்கள். அது பதிலைக் கேட்பதற்கான நிமிடம், நிமிடத்துக்கு மூன்று என்று திரும்பி வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் பதில் வந்தாலும் உங்களுக்கே கேட்காது.

இப்போது வீட்டுக்கு வருவோம். 2020-இல், எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, கனடாவில் ஒரு பெண்கள் அறக்கட்டளை ஒரு கைச் சைகையைப் பரப்பியது. உள்ளங்கையைக் காட்ட வேண்டும், கட்டைவிரலை உள்ளே மடக்க வேண்டும், மற்ற நான்கு விரல்களையும் அதன் மேல் மூட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கியில், காணாமல் போன பதினாறு வயதுப் பெண் காருக்குள் இருந்து அந்தச் சைகையைக் காட்ட, பின்னால் வந்த காரோட்டி ஒருவர் அடையாளம் கண்டு போலீஸை அழைத்தார். அந்தப் பெண் டிக்டாக்கில் பார்த்துக் கற்றது. ஆனால் அந்தக் காரோட்டிக்குத் தெரியாமல் இருந்திருந்தால்? யாரோ சின்னப் பெண் டாட்டா காட்டுகிறாள் என்று அவரும் கையசைத்துவிட்டுப் போயிருப்பார். ஆகவே இந்தச் சைகையை உங்கள் மகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. மகனுக்கும், மாமாவுக்கும், கடைக்காரருக்கும், பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கும் சொல்லுங்கள். பார்த்ததும் ஓடிப்போய் அந்த ஆளிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம், அது அந்தப் பெண்ணுக்கே வினையாகும். போலீஸுக்குச் சொல்லுங்கள், கண் பார்வையில் வைத்திருங்கள்.

குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வாக்கியம் வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் அதை யோசித்து வையுங்கள். சிலர் விசித்திரமான சொல்லைப் பிடிப்பார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்கே சந்தேகம் வந்துவிடும். சிலர் தினமும் பேசுகிற வாக்கியத்தை வைப்பார்கள், கேட்கிற அம்மாவுக்கு எது நிஜம் எது சைகை என்று தெரியாது. என்னைக் கேட்டால், இல்லாத ஆள்தான் சரி. நம் சொந்தத்தில் யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்து, அந்த அத்தை ஊரிலிருந்து வந்துட்டாங்களா என்று மகள் கேட்டால் உடனே கிளம்பி வா என்று பொருள். அந்த அத்தைக்கு உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டால் போலீஸை அழை என்று பொருள். பான்-பான், மேடே இரண்டையும் நம் வீட்டு அளவுக்குக் கொண்டுவந்தாயிற்று. கேட்டவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் பேசி வையுங்கள், இல்லாவிட்டால் எந்த அத்தைடி என்று அம்மா சத்தமாகக் கேட்டுவிடுவார், காரியமே கெட்டுவிடும். சும்மா இருக்கும்போது எப்போதாவது ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், கப்பலில் ரேடியோவைச் சோதிக்கிற மாதிரி. பேரனின் குரலில் பேசி அவசரமாகப் பணம் அனுப்பச் சொல்கிற மோசடிக்கும் இந்த அத்தை உதவுவார், அத்தை பேர் என்ன என்று கேட்டாலே போதும், ஆள் காணாமல் போய்விடுவான்.

நம் மலேசியாவின் அவசர எண்ணான 999-க்கும் ஒரு கதை இருக்கிறது. 1935-இல் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், இணைப்பகத்தில் அவர் அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக்கிடந்தது. அந்தக் கோபத்தில் அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விசாரணை நடந்து, 1937-இல் 999 பிறந்தது. வரிசையைத் தாண்டி முதலில் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே உண்டாக்கிய எண். பிரிட்டனில் பேச முடியாதவர்கள் கைப்பேசியிலிருந்து 999-ஐ அழைத்து, கேட்கும்போது 55 அழுத்தலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அது அவர்கள் ஏற்பாடு, இங்கேயும் அப்படித்தான் என்று யாராவது அனுப்பினால் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நம் நாட்டில் கைப்பேசியில் 112 அழுத்தினாலும் 999-க்குத்தான் போகும். குடும்ப வன்முறை, குழந்தைக்குக் கொடுமை என்றால் தாலியான் காசே என்ற உதவி எண், 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

999-ஐ அழைக்கும்போது நம் ஆட்கள் பலர் கதையை முதலிலிருந்து தொடங்குவார்கள், நேற்று சாயங்காலம் என்ன நடந்தது தெரியுமா என்று. இடத்தை முதலில் சொல்லுங்கள். இணைப்பு அறுந்துபோனாலும் எங்கே வர வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடுக்குமாடி என்றால் பிளாக், மாடி, கதவு எண். நெடுஞ்சாலை என்றால் ஓரத்துப் பலகையில் இருக்கும் கிலோமீட்டர் எண், வடக்கே போகிற பக்கமா தெற்கே போகிற பக்கமா. அப்புறம் என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா. மலாய் சரளமாக வராவிட்டால் பரவாயில்லை, இடத்தின் பெயரும் எண்ணும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். சொல்லி முடித்துவிட்டோம் என்று நீங்களாகத் தொலைபேசியை வைக்காதீர்கள், எடுத்தவர் இன்னும் கேள்வி கேட்க வேண்டியிருக்கும், அவர் வைக்கச் சொல்லும்வரை இணைப்பிலேயே இருங்கள்.