பைபாஸ் தையல் மேல் வேக் மெஷின் எதற்கு?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு சுகர் இருக்கிறது, உடம்பும் பருமன். பைபாஸ் முடிந்ததும் நெஞ்சுத் தையல் மேல் ஸ்பான்ஜ் ஒட்டி, ட்யூப் வழியாக ஒரு மெஷினோடு இணைத்திருக்கிறார்கள். புண் கெட்டுவிட்டதா? அந்த மெஷின் இதயத்தை இழுத்துவிடாதா?"

பயப்படாதீர்கள் அம்மா. அந்த மெஷினைத்தான் வேக் என்கிறோம், ஸ்பான்ஜ் வழியாகக் காற்றையும் நீரையும் உறிஞ்சும் கருவி. அப்பாவுக்குத் தோலைத் தைத்து மூடியாகிவிட்டது. அதற்குக் கீழே நெஞ்செலும்பையும் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மெஷின் உறிஞ்சுவது தையலுக்கு மேலேதான், இதயத்தை அது எட்டாது. புண் கெட்டதால் வைத்ததும் இல்லை, கெடாமல் இருக்க வைத்தது.

இருமும்போதும் புரண்டு படுக்கும்போதும் தையலின் இரண்டு ஓரமும் விலகப் பார்க்கும். ஸ்பான்ஜுக்குள் காற்றை உறிஞ்சியதும் அது சுருங்கி, அந்த ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கசியும் நீரும் தேங்காமல் வெளியே வந்துவிடும். வழக்கமான உறிஞ்சும் அழுத்தம் மைனஸ் 125 மில்லிமீட்டர் பாதரசம், சில சின்னக் கருவிகளில் மைனஸ் 80. ஐந்து முதல் ஏழு நாள் வரை பிரிக்காமல் வைத்திருப்பார்கள்.

அப்பாவுக்கு ஏன்? பைபாஸுக்குப் பெரும்பாலும் நெஞ்சுச் சுவரின் உள்பக்கம் ஓடும் ரத்தக் குழாயைத்தான் எடுக்கிறோம். அதை எடுத்ததும் நெஞ்செலும்புக்குப் போகும் ரத்தம் குறையும். சுகரும் பருமனும் சேர்ந்தால் கிருமி பிடிக்க வாய்ப்பு இன்னும் அதிகம். பெர்லினில் 150 பருமனான நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வந்தது. சாதாரணக் கட்டுப் போட்ட 75 பேரில் 12 பேருக்குக் கிருமித் தொற்று, மெஷின் வைத்த 75 பேரில் 3 பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனால் அப்பாவைப் போன்றவர்களைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனமும் 2016-ல் ஆபத்து அதிகம் உள்ள தையல்களுக்கு மட்டும்தான் இதைச் சொன்னது, அதுவும் ஆதாரம் வலுவாக இல்லை என்ற குறிப்போடு. ஒல்லியாக, சுகர் இல்லாமல் இருப்பவர் செலவு செய்து இதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

தொற்று வந்து பிரித்துவிட்ட நெஞ்சுப் புண்ணுக்கும் வேக் வைப்போம். அது வேறு கதை. அங்கே ஸ்பான்ஜ் புண்ணுக்குள்ளேயே போகும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவோம். இதயம் பக்கத்தில் இருப்பதால் நடுவில் பாதுகாப்புத் துணி வைத்துத்தான் செய்ய வேண்டும். ட்யூபில் திடீரெனச் சிவப்பாக ரத்தம் ஓடினால் உடனே மெஷினை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அலாரம் அடித்தால் பெரும்பாலும் எங்கோ காற்று கசிகிறது, அல்லது சார்ஜ் இறங்கியிருக்கிறது. நர்ஸிடம் சொல்லுங்கள், பிளாஸ்திரியை நீங்களே பிரிக்க வேண்டாம். மெஷின் நின்றுபோய் இரண்டு மணி நேரம் ஆகவும் விடாதீர்கள். சுகரை 180-க்குள் வைத்திருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், சுகர் கட்டுக்குள் இல்லையென்றால் எந்த மெஷினாலும் பெரிய பலன் இல்லை.

வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், சீழ், தையல் சிவந்து வீங்குவது, இருமும்போது நெஞ்செலும்பு 'கடக்' என்று அசைவது, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அப்பாவை அழைத்து வாருங்கள்.