கடவுளை விட்டவர்கள் பண்பாட்டுக்காக ஏன் மோதிக்கொள்கிறார்கள்?

[திரை: கறுப்புப் பின்னணி. தலைப்பு மட்டும். குரல் தொடங்குகிறது.]

வணக்கம். கடவுள் இல்லை, பேய் இல்லை, ராகு காலம் இல்லை என்பதில் முழுதாக ஒத்துப்போகிற இரண்டு பேர், அடுத்த அரை மணி நேரத்தில் முகம் பார்க்க முடியாத அளவுக்குச் சண்டை போடுவதைக் கோலாலம்பூரில் பகுத்தறிவு பேசுகிற தமிழர்கள் நடுவில் நான் பார்க்கிறேன். சண்டைக்குக் காரணம் கடவுள் அல்ல. பறை. பரதநாட்டியம். காவடி தூக்குகிற சீனர். பொட்டு வைத்துப் படம் எடுத்துக்கொள்கிற வெள்ளைக்காரப் பெண். ஒருவர் "இது பண்பாட்டு அபகரிப்பு" என்கிறார், அதாவது ஒரு சமூகத்தின் பண்பாட்டை வெளியார் எடுத்துத் தமதாக்கிக்கொள்வது. இன்னொருவர் "நாத்திகனுக்கு எதுக்கு இந்த வேலை, மூடநம்பிக்கையை மட்டும் பேசுவோம்" என்கிறார்.

இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது, இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதைப் பார்ப்போம். நான் நடுநிலையாக நிற்கப் போவதில்லை. என் பக்கத்தையும் சொல்லிவிடுவேன்.

[திரை: 2011, 2012, 2021, 2024 என ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

முதலில் மேற்கு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் டப்ளினில் ஒரு நாத்திகர் மாநாடு நடந்தது. அதில் பேசிய அமெரிக்கப் பதிவர் ரெபெக்கா வாட்சன், விடுதி லிஃப்டில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஓர் ஆண் தன்னை அறைக்குக் காபி குடிக்க அழைத்தது சங்கடமாக இருந்தது என்று பின்னால் ஒரு வீடியோவில் சொன்னார். ஆண்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பதுதான் அவர் கேட்டது. உலகறிந்த நாத்திக எழுத்தாளரும் உயிரியலாளருமான ரிச்சர்ட் டாக்கின்ஸ் அதைக் கேலி செய்து எழுதினார். அங்கே வெடித்ததுதான். 2012-இல் ஜென் மெக்கிரைட் என்ற பதிவர், சமூக நீதியையும் சேர்த்துப் பேசுகிற 'நாத்திகம் பிளஸ்' வேண்டும் என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் வெளியேறினார்கள். 1996-இல் டாக்கின்ஸுக்குக் கொடுத்த விருதை, திருநர் பற்றி அவர் எழுதிய கருத்துக்காக அமெரிக்க மனிதநேயர் சங்கம் 2021-இல் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் இன்னோர் அமெரிக்க அமைப்பின் கௌரவக் குழுவிலிருந்து டாக்கின்ஸ், அறிவியலாளர்கள் ஸ்டீவன் பிங்கர், ஜெர்ரி கோய்ன் மூவரும் விலகினார்கள். காரணம் அதே விவகாரம்தான்.

"அறிவியல் மட்டும் போதும்" என்பது ஒரு கட்சி. "நீதி இல்லாத நாத்திகம் எதற்கு" என்பது இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சியையும் அப்படியே தூக்கி வந்து, கோலாலம்பூரில் தமிழர் கூடுகிற பிரிக்பீல்ட்ஸில் வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

[திரை: பழைய பினாங்குத் துறைமுகத்தின் கறுப்பு வெள்ளைப் படம்.]

பெரியார் 1929 டிசம்பரில் கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். இங்கிருந்த சனாதனிகள் அவரை வரவிடக் கூடாது என்று எதிர்த்தார்கள். ஆனாலும் வந்தார், மலாயா முழுக்கச் சுற்றினார், சிங்கப்பூருக்கும் போனார். 1954-இல் மறுபடி வந்தார். அவர் கடவுள் மறுப்புக்கு டார்வின் வழியாக வந்தவர் அல்ல. கேரளத்து வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் தாழ்த்தப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்றார்கள். 1924-இல் அதற்காகப் போராடிச் சிறைக்குப் போனார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளைச் சாதி பார்த்துத் தனியாகச் சாப்பிட வைத்தார்கள், அதைக் கேட்டார். தெருவையும் பந்தியையும் பிரிப்பதற்குச் சாஸ்திரத்தையும் கடவுளையும் காரணம் காட்டினார்கள் என்பதால்தான் கடவுள் மீது கை வைத்தார்.

அவருடைய கருத்து இங்கே ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. பால்மரக் காட்டுக்கு வந்த நம் ஆட்களோடு சாதியும் கப்பல் ஏறி வந்தது. பல தோட்டங்களில் லயங்கள், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்கூடச் சாதி பார்த்துப் பிரிந்திருந்தன. ஆட்களை மேய்த்த கங்காணியின் சாதிக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு வேறு வரிசை. சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935-இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு இதழும் எழுந்தது இந்தச் சூழலில்தான்.

ஆகவே, "சமூக நீதி நாத்திகரின் வேலை அல்ல" என்று ஒரு மலேசியத் தமிழர் சொன்னால், அவர் நிற்கிற தரையையே அவர் பார்க்கவில்லை என்பேன். நம்மிடம் நீதிதான் முதலில் வந்தது. மறுப்பு அதன் பின்னால் வந்தது.

சரி, அப்படியென்றால் யாராவது "அபகரிப்பு" என்று கை காட்டியதெல்லாம் அநீதி ஆகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும்.

[திரை: ஜார்ஜ்டவுன் சாலை, தேங்காய்க் குவியல்கள்.]

பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படும். வழி நெடுகச் சீனர்கள் தேங்காயை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்துக் காத்திருப்பார்கள். ரதம் நெருங்கியதும் பக்கத்தில் இருப்பவர் பேச்சு காதில் விழாத அளவுக்குச் சத்தம். சாலை முழுக்க இளநீர் ஓடும், ஓடு தெறிக்கும். மறுநாள் காவடி எடுத்து மலை ஏறுகிறவர்களில், அலகு குத்திக்கொள்கிறவர்களில் சீனர்களும் இருப்பார்கள்.

ஒரு நாத்திகத் தோழர் இதைப் பார்த்துவிட்டு, "நம்ம பண்பாட்டை எடுத்துக்கிட்டாங்க" என்றார். நான் கேட்டது இதுதான்: இதனால் யார் எதை இழந்தார்கள்? எந்தத் தமிழருக்கும் காவடி எடுக்கிற இடம் குறையவில்லை. யார் பெயரும் அழியவில்லை. அந்தச் சீனர் முருகனிடம் நேர்த்திக்கடன் வைத்தார், தீர்க்கிறார். அலகு குத்துவதைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அதைத் தமிழர் செய்தாலும் சீனர் செய்தாலும் ஒரே மாதிரிதான் சொல்வேன். ஆனால் இது திருட்டு அல்ல. பல தலைமுறையாகப் பக்கத்து வீட்டில் வாழ்ந்ததால் வந்தது.

"எங்களுக்கு மனசு புண்படுது" என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. இதை மலேசியாவில் இருக்கிற நாத்திகர் மற்ற யாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1970-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகளின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். பள்ளி வாரக்கூட்டத்தில் பிள்ளைகள் கை உயர்த்தி அதைச் சொல்கிறார்கள். மத உணர்வைப் புண்படுத்தும் எண்ணத்தோடு பேசினால் தண்டனைச் சட்டம் 298-ஆவது பிரிவு இருக்கிறது. 2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நாத்திகர்கள் சிலர் கூடி எடுத்துக்கொண்ட ஒரு படம் வெளியானது. அதற்கே விசாரணை என்றார்கள். நாத்திகர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஓர் அமைச்சர் பேசினார். அந்தப் படத்தில் இருந்தவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவர்கள் இருப்பதே மற்றவர்கள் மனதைப் புண்படுத்தியது, அவ்வளவுதான். மனம் புண்படுவதே அளவுகோல் என்று நாமே ஒப்புக்கொண்டால், நாளைக்கு நம்மை அடிக்கிற கம்பை நாமே எடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

[திரை: இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில். நவம்பர் 2008. 2015.]

யோகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 நவம்பரில் மலேசியாவில் இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்கிற தேசிய பத்வா மன்றம், இந்து சமயக் கூறுகள் கலந்திருப்பதால் முஸ்லிம்கள் யோகா செய்யக் கூடாது என்று அறிவித்தது. 2015-இல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் மாணவர் அமைப்பு நடத்திய இலவச யோகா வகுப்பு, பண்பாட்டு அபகரிப்பு குறித்த கவலையால் நிறுத்தப்பட்டது. ஒன்று மதம் சொன்னது, மற்றொன்று சமூக நீதி பேசுகிறவர்கள் சொன்னது. வகுப்புக்கு வந்து நின்றவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும்: இது உனக்கானது அல்ல, போ.

அதனால் அபகரிப்பே கிடையாது என்கிறேனா? இல்லை. 1995-இல் மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதைத் தங்கள் கண்டுபிடிப்பாகக் காட்டி அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். இந்தியாவின் அறிவியல், தொழில்துறை ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் எடுத்துக் காட்டி வாதாடி, 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. அங்கே யாரும் மனம் புண்பட்டது என்று சொல்லி ஜெயிக்கவில்லை. ஆதாரம் காட்டி ஜெயித்தார்கள். பகுத்தறிவாளருக்கு இதைவிட நல்ல பாதை தெரியவில்லை.

[திரை: 'இன்டர்லோக்' சர்ச்சை, 2011.]

மனம் புண்படுவது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னோர் உள்ளூர் உதாரணம். 2011-இல் 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவப் பாடநூலாக வந்தது. இங்கே வந்த இந்தியர்களைப் பறையர் என்ற சாதிப் பெயரால் அது குறித்தது. பெரிய எதிர்ப்பு எழுந்து, கடைசியில் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு சமூகம் முழுவதையும் சாதி முத்திரையோடு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது தவறு, எதிர்த்தது சரி. ஆனால் அந்த எதிர்ப்புக்குள் இன்னொரு குரலும் கேட்டது: "நாங்க அவங்க இல்ல." அந்தக் குரலை மேடையிலேயே மறித்துப் பேசியிருக்க வேண்டியவர்கள் நாம்தான். அந்தச் சாதியில் பிறந்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, நாங்கள் அவர்கள் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது நம் வீட்டுக்குள்ளேயே நடந்த அபகரிப்புக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமானது.

[திரை: சலங்கை கட்டிய கால்கள்.]

பெட்டாலிங் ஜெயாவிலும் பினாங்கிலும் அரங்கேற்றம் என்றால் குடும்பமே ஒரு வருடம் உழைக்கும். ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகும். இந்த ஆட்டம் நூறு வருடத்துக்கு முன்னால் சதிர். ஆடியவர்கள் தேவதாசி மரபில் வந்த பெண்கள், கற்றுக் கொடுத்தவர்கள் இசை வேளாளர் நட்டுவனார்கள். 1930-களில் அதற்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935-இல் பிராமணக் குடும்பத்துப் பெண் ருக்மிணி தேவி மேடை ஏறினார், 1936-இல் அவருடைய கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளி வந்தது. சிருங்காரம் குறைக்கப்பட்டது, பக்தி தூக்கிவைக்கப்பட்டது. 1947-இல் மதராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. மேல்சாதி வீட்டுப் பெண் ஆடினால் கலை. அதே அடவைப் பரம்பரையாக ஆடிவந்தவள் ஆடினால் இழிவு. அந்தப் பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி போல ஓரிருவர் தாக்குப் பிடித்தார்கள். எத்தனையோ பேர் சலங்கையைக் கழற்றிவிட்டுக் காணாமல் போனார்கள்.

இதில் நம் பங்கையும் மறைக்கக் கூடாது. அந்த ஒழிப்புக்குப் போராடியவர்களில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தினரும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் குடும்பத்திலிருந்தே வந்து, சிறுமிகளைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை எதிர்த்துத் தெருத் தெருவாகப் பேசியவர். அது நியாயமான போராட்டம், இன்றைக்கும் அவர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் பொட்டுக்கட்டு ஒழிந்ததோடு அந்தப் பெண்களின் மேடையும் போனது, அந்த மேடையில் வேறு யாரோ ஏறினார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுசாகும்.

இதையெல்லாம் பேசாமல், ராம்லி இப்ராஹிம் ஒரு மலாய்க்காரர் ஆயிற்றே, அவர் எப்படி ஆடலாம் என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் அடையாறு லட்சுமணிடம் பரதம் கற்றவர், தேபா பிரசாத் தாஸிடம் ஒடிசி கற்றவர், 1983-இல் இங்கே சூத்ரா நாட்டியக் குழுவைத் தொடங்கியவர். குருமார் பெயரை மறைக்காமல் சொல்கிறவர். அவர் ஆடியதால் எந்த இசை வேளாளர் குடும்பத்தின் மேடையும் பறிபோகவில்லை. அதைப் பறித்தது நம் மொழி பேசியவர்கள்.

[திரை: பறையின் தோல், நெருக்கக் காட்சி. பக்கத்தில் சிறு நெருப்பு.]

கடைசியாகப் பறை. ஒரு மண்டபத்தின் பின்பக்கம், கார் நிறுத்துகிற இடத்தில், ஐந்தாறு இளைஞர்கள் பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சூடு ஏற ஏறத் தோல் இறுகும். விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார்கள், மந்தமாக இருந்த சத்தம் கணீரென்று மாறும்வரை. ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் நீளமான மூங்கில் சிம்பு. அவர்களில் ஒருவருக்கும் எங்கள் மூத்த தோழர் ஒருவருக்கும் அங்கேயே பேச்சு தொடங்கியது.

"அண்ணே, பறை தமிழனோட இசை. எல்லாரும் அடிச்சாத்தானே சாதி போகும்?"

"அடிங்க தம்பி, நல்லா அடிங்க. ஆனா தோட்டத்துல எங்கப்பாவை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிச் சாவு வீட்டுக்கு அடிக்கக் கூட்டிட்டுப் போனவங்க, அவரை வீட்டுக்குள்ள விடல. வாசல்லதான் தண்ணி. மேடையில அடிக்கும்போது அதையும் சொல்லுங்க."

"அப்படின்னா அடிக்கிறவன் என்ன சாதின்னு கேக்கணுமா அண்ணே? அதைத்தானே ஒழிக்கணும்னு சொல்றோம்?"

இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. குழுவில் சேர வருகிறவரிடம் சாதி கேட்பது எனக்கு ஒப்பாது. இந்த நாட்டில் எத்தனையோ பேர் அதை மறைத்துத்தான் நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள், கல்யாணம் செய்திருக்கிறார்கள். அவர்களைக் கூட்டத்தில் வெளிச்சம் போட்டுக் காட்ட நமக்கு உரிமை இல்லை. அதேசமயம், கட்டாயத்தில் அடித்தவர்களின் கதையை வெட்டிவிட்டு, "தமிழனின் ஆதி இசை" என்று மட்டும் அறிவிப்பது சதிருக்கு நடந்ததையே பறைக்கும் செய்வது. கற்றுக் கொடுத்த ஆசானின் பெயரும் ஊரும் அறிவிப்பில் வர வேண்டும். மேடைக்கு வருகிற பணத்தில் அவருக்குப் பங்கு போக வேண்டும். இதற்கு யாருடைய சாதியையும் கேட்கத் தேவையில்லை.

அந்த இளைஞர் இதற்கு உடனே சம்மதித்தார். மூத்த தோழர் விடவில்லை. "மேடைக்கு வர்ற மாதிரி, நாளைக்கு ஒரு சாவு வீட்டுக்குக் கூப்பிட்டா வருவீங்களா தம்பி?" என்று கேட்டார். சிலர் வருவோம் என்றார்கள். சிலர் வீட்டில் விடமாட்டார்கள் என்றார்கள். வீட்டில் ஏன் விடமாட்டார்கள் என்பதை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம், அவர்களுடைய அம்மா அப்பாவையும் அழைத்திருக்கிறோம்.