ஒரே மேசையில் கணிதமும் இசையும்

நண்பர்களே, கணிதமும் இசையும் ஒன்றுதான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுரங்களின் விகிதம் தெரிந்தவருக்கெல்லாம் மெட்டு வந்துவிடாது. ஆனால் இரண்டிலும் ஆழ இறங்கி உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால்தான் எது எதற்கு உதவுகிறது என்பது புரியும்.

கணிதவியலாளர் நோம் எல்கீஸ் 26 வயதில், 1993இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் ஆனவர். மூன்று நேர் முழு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் நான்காம் அடுக்கு கிடைக்காது என்பது பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் ஊகம். 26,82,440, 1,53,65,639, 1,87,96,760 ஆகிய மூன்றின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் 2,06,15,673இன் நான்காம் அடுக்கு வருகிறது என்று 1988இல் காட்டி, அந்த ஊகத்தையே முறித்தார். அதே மனிதர் பியானோ வாசிக்கிறார், இசைக்குழுவுக்கு எழுதுகிறார், ஓபராவும் எழுதியிருக்கிறார்.

எங்கே கைகொடுக்கிறது கணிதம்? மேற்கத்திய செவ்வியல் இசையில் கேனன் என்று ஒரு வடிவம். ஒரே மெட்டை இரண்டு குரல்கள் பாடும். இரண்டாவது நான்கு தட்டு தள்ளித் தொடங்கும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது எழுதும் சுரம், முன்னால் பாடியது இரண்டாம் குரலில் ஒலிக்கும்போது அதோடு இசைய வேண்டும். நான்கு தட்டு கழித்து, வரப்போகும் மெட்டுக்குத் துணையாகவும் நிற்க வேண்டும். ஒன்றை மாற்றினால் அதன்பின் எழுதியது அத்தனையும் ஆட்டம் காணும். நிபந்தனைகளோடு பழகியவர் இதில் மிரளமாட்டார். சரி, நிபந்தனைக்குப் பொருந்தும் சுரங்கள் மூன்று மிஞ்சினால்? அங்கே காதுதான் தீர்ப்பு சொல்லும். எந்தத் தேற்றமும் அந்த வேலையைச் செய்யாது.

பொறியாளராக இருந்த இசையமைப்பாளர் யானிஸ் க்ஸெனாகிஸ் வேறு வழியில் போனார். வாயு மூலக்கூறுகளின் வேகங்கள் பரவும் விதியைக் கொண்டு, 1950களில் ‘பித்தோபிரக்தா’ என்ற படைப்பில் தந்திக் கருவிகளின் வழுக்கல்களை, அதாவது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியின்றி நழுவும் ஒலிகளை, அமைத்தார். தனித்தனிச் சுரம் காதில் நிற்காது. ஒலியின் கூட்டம்தான் நகரும். எனக்கு மிகவும் பிடித்த துணிச்சல் இது.

இசையமைப்பாளர் மில்டன் பாபிட் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கற்பித்தவர். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி, அதிலிருந்தே இசையைக் கட்டும் பன்னிரு சுர முறையைக் கணித நோக்கில் ஆராய்ந்து 1946இல் எழுதிய ஆய்வேட்டுக்கு, அதே பல்கலைக்கழகம் 1992இல்தான் முனைவர் பட்டம் கொடுத்தது!

இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நிரூபணத்தைத் தனியாக உட்கார்ந்து படித்தே சரிபார்க்கலாம். நால்வர் வாசிக்கும் படைப்புக்கு நால்வரும் வேண்டும், ஒத்திகைக்கு அவர்கள் நேரம் ஒதுக்க வேண்டும். எழுதி முடித்த பிறகு தேடாதீர்கள். முதல் பக்கம் எழுதும்போதே வாசிப்பவர்களைப் பழகிக்கொள்ளுங்கள்.