இந்தியன், இந்தியானன், ஹூஷர்

வணக்கம் நண்பர்களே. கேமராவைச் சற்றுக் கீழே இறக்கி என் காரின் முன்பக்கத்தைக் காட்டுகிறேன். பம்பரின் நடுவில் இரண்டு திருகு ஓட்டைகள் தெரிகின்றன அல்லவா? நான் நியூ ஜெர்சியில் இருந்தவரை அந்த இடத்தில் ஒரு நம்பர் பிளேட் இருந்தது. அந்த மாநிலத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு பிளேட்டுகள் இருந்தாக வேண்டும். இப்போது குடிவந்திருக்கும் இந்தியானாவில் பின்பக்கத்துக்கு ஒன்று போதும். ஆகவே, எங்கள் தெருவில் நிற்கும் கார்களுள் எது வெளிமாநிலத்திலிருந்து வந்தது என்பதைப் பம்பரைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை அப்படித்தான் கண்டுபிடித்தார்.

அவரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்ற எண்ணத்தில், "இந்தியானன்கள் எல்லாரும் இவ்வளவு அன்பாகப் பழகுகிறீர்களே" என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்படி ஒருவரும் இங்கே இல்லை, நாங்கள் ஹூஷர்கள் என்றார். நானோ இந்தியன். இந்தியானாவுக்குக் குடிவந்த இந்தியன் இந்தியானன் ஆகிவிடுவான் என்று வரும் வழியெல்லாம் நண்பர்களிடம் கேலி பேசிக்கொண்டு வந்தவன். வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கேலிக்கு இடமில்லாமல் போயிற்று.

அவர் சொன்னது வெறும் உள்ளூர்ப் பெருமை இல்லை. அமெரிக்க அரசு அச்சகம் வெளியிடும் நடைக் கையேட்டில், ஒவ்வொரு மாநிலத்தாரையும் எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் முன்பு 'இந்தியானியன்' என்று இருந்த சொல்லை நீக்கி, 2017-இல் 'ஹூஷர்' என்பதையே அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பட்டப்பெயர் அரசாங்கத்தின் நடைக் கையேடு வரை ஏறியது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இரவில் கதவைத் தட்டியவரிடம் "யார் அது?" என்று கேட்ட குரல் மருவி ஹூஷர் ஆயிற்று என்பது ஒரு கதை. ஹூஷர் என்ற ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர்களைக் குறித்தது என்பது இன்னொன்று. மலைக்காட்டு முரடர்களைக் குறிக்கும் பழைய இங்கிலாந்து வட்டார வழக்குச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பார் சிலர். மூன்றில் கடைசியானதே எனக்கு நம்பத் தக்கதாகப் படுகிறது, ஏனெனில் இல்லினாய்ஸைத் தாண்டினால் வரும் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இன்றைக்கும் ஒருவரை ஹூஷர் என்றால் அது வசவு. நாகரிகம் தெரியாதவன், பண்பில்லாதவன் என்று பொருள். சில மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் ஒரே சொல் பெருமையிலிருந்து ஏச்சாக மாறிவிடுகிறது.

இந்த ஒரு சொல்லைத் தேடப் போய், ஒவ்வொரு மாநிலத்துப் பட்டப்பெயராகப் புரட்ட ஆரம்பித்துவிட்டேன். எனக்குப் புலப்பட்டது இதுதான்: இன்று மார்தட்டிச் சொல்லப்படும் பெயர்களில் பல, ஒரு காலத்தில் வந்தேறிகளையும் ஏழைகளையும் பார்த்து வீசப்பட்டவை.

ஓக்லஹோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1889 ஏப்ரல் 22 அன்று நண்பகலில், எல்லைக்கோட்டில் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்து ஓடி, ஆளுக்கு 160 ஏக்கர் வரை நிலம் பிடிக்கலாம் என்று அரசு அனுமதித்தது. நேரம் வருவதற்கு முன்பே திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து நல்ல இடங்களை வளைத்துக்கொண்டவர்களை 'சூனர்', அதாவது முந்திக்கொண்டவன், என்று மற்றவர்கள் திட்டினார்கள். இன்று அம்மாநிலத்தின் செல்லப்பெயரே 'சூனர் மாநிலம்'. பல்கலைக்கழக அணியின் பெயரும் அதுதான். அந்த நிலம் அதற்கு முன்பு யாருடையது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. கிரீக், செமினோல் பழங்குடிகளிடமிருந்து பெறப்பட்ட நிலம் அது. ஓக்லஹோமா என்ற பெயரே சாக்டா மொழியில் சிவந்த மக்கள் என்று பொருள்படும். பழங்குடிகளின் மொழி ஒன்றில் மாநிலத்துக்குப் பெயர் வைத்துவிட்டு, முந்தி ஓடிவந்தவர்களின் பெயரை அங்கிருப்பவர்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அதே ஓக்லஹோமாக்காரர்கள் ஐம்பது ஆண்டுக்குள் மறுபக்கத்துக்கு வந்து நின்றார்கள். 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் கடன் சுமையும் சேர்ந்து துரத்த, ஓக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சா, மிசௌரி மாநிலங்களின் உழவர் குடும்பங்கள் மெத்தைகளையும் பானை சட்டிகளையும் காரின் மேல் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டன. எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் அங்கே அவர்களுக்கு ஒரே பெயர், 'ஓக்கி'. 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறைத் தலைவர், தம் நகரத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் மாநில எல்லைகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்களை அனுப்பி, கையில் காசில்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்பச் செய்தார். வெளிநாட்டு எல்லை இல்லை, ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களுக்கு இடையே உள்ள கோடு அது.

வறியவர் என்று தெரிந்தே ஒருவரை மாநிலத்துக்குள் அழைத்துவருவது குற்றம் என்ற சட்டமும் கலிபோர்னியாவில் இருந்தது. எட்வர்ட்ஸ் என்ற கலிபோர்னியாக்காரர் 1939 டிசம்பரில் டெக்சாஸுக்குக் காரோட்டிப் போய், வேலையில்லாமல் இருந்த தம் மைத்துனரை அழைத்துவந்தார். மைத்துனரிடம் புறப்படும்போது இருந்த 20 டாலர் வீடு வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோயிற்று. எட்வர்ட்ஸுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சொந்த மைத்துனரை வீட்டுக்கு அழைத்துவந்ததற்குத் தண்டனை! 1941-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. ஒரு மாநிலம் தன் கதவை ஏழைகளுக்கு எதிராகச் சாத்திக்கொள்ள முடியாது என்பது அதன்பின் உறுதியாயிற்று.

கதவைச் சாத்த முடியாது என்றால், வந்தவரைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கலாமா? அலாஸ்கா அதையும் முயன்று பார்த்தது. அங்கே புதிதாக வந்தவரை 'சீச்சாகோ' என்பார்கள். பழங்குடிகளும் வணிகர்களும் தமக்குள் பேசிய சினூக் கலப்பு வழக்கிலிருந்து வந்த சொல். பல குளிர்காலங்களைத் தாண்டிய பழையவர் 'சவர்டோ', அதாவது புளித்த மாவு. தங்கம் தேடிப் போன காலத்தில் ரொட்டிக்கான புளிமாவை உறைந்துபோகாமல் காத்து எடுத்துச் சென்றவர்கள் என்பதால் அந்தப் பெயர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய் வருமானத்தை மக்களுக்குப் பங்கிட முடிவுசெய்த அலாஸ்கா, 1959-இல் மாநிலமானது முதல் ஒருவர் அங்கே வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50 டாலர் என்று 1980-இல் சட்டம் இயற்றியபோது, அந்த இனிமையான வேறுபாடு பணக் கணக்காக மாறிவிட்டது. 1978-இல் குடியேறிய ஒரு தம்பதி வழக்குத் தொடுத்தார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம், குடிமக்களை வந்த ஆண்டை வைத்துத் தரம் பிரிக்கக் கூடாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு தகுதியுடைய எல்லாருக்கும் சமமாக 1,000 டாலர் கிடைத்தது. இன்றும் அங்கே ஒரு முழு நாட்காட்டி ஆண்டு வசித்த பிறகுதான் பங்கு கேட்க முடியும். அதற்குப்பின் சீச்சாகோவுக்கும் சவர்டோவுக்கும் ஒரே தொகை.

சட்டத்தின் வேலை அவ்வளவுதான். பேச்சு வழக்கில் இருக்கும் படிநிலையை எந்த நீதிமன்றமும் தொடவில்லை. ஹவாயில் புதியவர் 'மாலிஹினி', அங்கேயே வேரூன்றியவர் 'காமாஐனா'. நிலத்தின் பிள்ளை என்று அதற்குப் பொருள். நம் 'மண்ணின் மைந்தர்' அப்படியே நினைவுக்கு வருகிறது. மிச்சிகனில் மேக்கினாக் பாலத்துக்குத் தெற்கே வாழ்பவர்களை, பாலத்துக்குக் கீழே குடியிருக்கும் 'டிரோல்' பூதங்கள் என்று வடக்கே இருக்கும் 'யூப்பர்'கள் கேலி செய்வார்கள். மெய்ன் மாநிலத்தில் பிறக்காதவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் வெளியிலிருந்து வந்தவர்தான். இங்கேதானே பிறந்தான் என்று பிள்ளையைக் காட்டினாலும், "பூனை அடுப்புக்குள் குட்டி போட்டால் அதை பிஸ்கட் என்றா சொல்வோம்?" என்று திருப்பிக் கேட்பார்களாம். நம் ஊர் 'வந்தான் வரத்தான்' இதன் முன்னால் எவ்வளவோ தேவலை என்று தோன்றிவிட்டது.

என் நிலைமைக்கு வருகிறேன். இந்தியானாவில் குடியிருப்பாளர் ஆன 60 நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிப் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்; மாற்றிவிட்டேன். மாநில வருமான வரியோடு, நம் மாவட்டம் போன்ற 92 கவுண்டிகளும் தனியாக வரி விதிக்கின்றன; ஜனவரி 1 அன்று எந்தக் கவுண்டியில் குடியிருக்கிறோமோ அதன் விகிதம்தான் அந்த ஆண்டு முழுவதும் என்பதால், ஆண்டுக் கடைசியில் வீடு மாறுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த 92-இல் 12 கவுண்டிகளின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நியூ ஜெர்சியில் பெட்ரோலை ஊழியர்தான் நிரப்ப வேண்டும் என்பது சட்டம் என்பதால், இத்தனை ஆண்டு காருக்குள் உட்கார்ந்தே பழகிய நான், இங்கே முதல் முறை பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு யாராவது வருவார்கள் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

உரிமம் கைக்கு வந்த அன்று என்னை நானே ஹூஷர் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றியது. சொல்லவில்லை. சட்டப்படி எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. பட்டப்பெயரை மட்டும் நாமே எடுத்து மாட்டிக்கொண்டால் இரவல் சட்டைபோல் தோளில் தொங்கும். அதே நேரம், அதை எனக்குத் தர மறுப்பவர்களிடம் ஏங்கி நிற்கவும் எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் அவர்களுடைய முன்னோரும் அந்தப் பெயரை முதலில் ஏச்சாகக் கேட்டிருக்கக் கூடும்.

பம்பர் ஓட்டைகளை மூடுவதற்கு ரப்பர் மூடி கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சென்ற வாரம் சொன்னார். இன்னும் வாங்கவில்லை. நீங்கள் குடிபெயர்ந்த மாநிலத்தில் உங்களை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். அந்தப் பெயரின் கதை தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.